எழுத்து: ஏகவள்ளி

முனிரத்தினமா, செஞ்சய்யாவா என்று கேட்க
நெல்லூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார்.
தோல்பையில் பாலிதீன் உறையிட்ட
செவ்விடி இதழ்கள், நூற்று நாற்பதும்.

ஆற்றைத் தாண்டினால் அவன் பெயர் எர்ரபிடுகு.
ஊத்துக்கோட்டை அச்சகத்தில்
ஒரே படத்துக்கு இரண்டு மொழி வாய்.
தமிழ் வாய் என்னுடையது.
பலூனுக்குள் எழுதுகிறவளிடம்
அதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

முனிரத்தினம்: பதினோரு வருடம், நூற்று முப்பத்தோரு இதழ்.
வியாழன் என்றால் வியாழன்.
சைக்கிள் கேரியரில் பலகை, பலகைமேல் பக்கங்கள்,
பக்கங்கள்மேல் மழைக்கு ஓர் உரச்சாக்கு.
அவருடைய செவ்விடி
பல் துலக்கிவிட்டுப் பறப்பவன் மாதிரி இருப்பான்.
அடிபட்ட வில்லன் வலப்பக்கம்தான் விழுவான்,
நம் கண்ணை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு.
அவரது உச்சம் அறுபத்திரண்டாம் இதழ் என்பார்கள்:
அணை உடையும் இரவு,
ஒரே பக்கத்தில் முந்நூறு முகம்,
ஒன்றுக்குக்கூட இன்னொன்றின் மூக்கு இல்லை.
அந்த நெரிசலிலும்
மேல் மூலையில் எனக்கு மூன்று வரி இடம்,
விரற்கடை கூடாமல், குறையாமல்.

செஞ்சய்யா: நாலு வருடம், ஒன்பது இதழ்.
மிச்சக் காலமெல்லாம் நாகலாபுரம் சாலைச் சுவர்களில்
சிமெண்ட் மூட்டை தூக்கும் யானை.
அவர் பக்கம் வந்தால் என் மேசை இருட்டிவிடும்.
வானம் கறுப்பு, சுவர் கறுப்பு,
செவ்விடிக்குப் பாதி முகம் கறுப்பு.
வீரன் முழங்கால் வலியோடு படியேறுவான்.
மேலங்கியைப் பிழிந்து கொடியில் போடுவான்.
எட்டாம் இதழில் ஒரு முழுப் பக்கம்:
இரும்பைக் கிழித்த கை,
தீப்பெட்டியைத் திறக்க நடுங்கும்.
பேச்சுக்கு இடமே விடமாட்டார்.
வெள்ளைத்தாள் வெட்டிக் கறுப்பின்மேல் ஒட்டி
பசை காய்வதற்குள் எழுதுவேன்,
திட்டிக்கொண்டே.

வந்தவர் ஒன்பதாம் இதழை விரித்தார்,
இருபத்துநாலாம் பக்கம். எல்லோரும் விரிப்பதுதான்.
ஜீரோ பாயிண்ட். கிருஷ்ணா தண்ணீர்
எல்லை தாண்டும் இடத்தில்
இடுப்பளவு நீரில் செவ்விடி,
முகமூடி கையில்,
முகம் இருக்க வேண்டிய இடத்தில் நிழல்.
“இது ஒன்று போதாதா அம்மா?”

எனக்கு அந்த வாரம் ஞாபகம் வந்தது.
செஞ்சய்யா மூன்று நாளாக வீட்டில் இல்லை.
தடாவில் பார்த்தேன் என்றான் ஒருவன்,
சத்தியவேடு சாராயக்கடையில் என்றான் ஒருவன்.
வியாழன் ராத்திரி பதினொன்றுக்குப் பக்கம் வந்தது,
உரச்சாக்கில் சுற்றி.
அதே கறுப்பு. அதே தேய்ந்த தூரிகையின் இழுப்பு.
ஓரத்துக் கையொப்பம்கூட அதே சாய்வு.
வழக்கம்போலத் தாளை வெட்டினேன், பசையை எடுத்தேன்.
தேவைப்படவில்லை.
இருட்டின் மேல் மூலையில் மூன்று வரிக்கு வெள்ளை,
விரற்கடை கூடாமல், குறையாமல்.

மறு வியாழன் முனிரத்தினத்தின் கையைப் பார்த்தேன்.
எப்போதும் சுத்தமான கை.
நகக்கண்ணில் மை.
“மழை வரும்போல” என்று
சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.
பிறகு அவர் அப்படி ஒரு கோடும் போடவில்லை.
செவ்விடி மறுபடி பல் துலக்கிவிட்டுப் பறந்தான்.
செஞ்சய்யா பேருந்து நிலையக் கடையில்
அந்த இதழைக் காசு கொடுத்து வாங்கினாராம்.
இருபத்துநாலாம் பக்கத்தில் நின்றாராம் வெகுநேரம்.
அதற்கப்புறம் யானைதான்.

நெல்லூர்க்காரர் பேனாவோடு காத்திருந்தார்.
“இந்தப் பக்கம்தான்” என்றேன்.
“அப்போ செஞ்சய்யா.”
“பக்கத்தைச் சொன்னேன்.”
செஞ்சய்யா என்று எழுதிக்கொண்டார்.

அவர் மூடுவதற்குள்தான் பார்த்தேன்,
மூன்றாம் வரியில் ஒரு ஒற்று விட்டிருக்கிறேன்.
இத்தனை வருடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை.
இடம் இருந்தது.